பச்சைச் சீழும் திராட்சை வாசனையும்: சூடோமோனாஸ் எரூஜினோசா ஓர் அறிமுகம்

சென்னையில் மாடித்தோட்டம் போட்டிருப்பவர்களுக்கு சூடோமோனாஸ் புதுப் பெயர் இல்லை. நர்சரிகளில் பொட்டலம் போட்டு விற்கும் பொடி அது. விதை நேர்த்திக்கும் வாங்குவார்கள், வேரழுகல் வந்தால் தண்ணீரில் கரைத்து ஊற்றவும் வாங்குவார்கள். அதே பெயர் வீட்டுப் பெரியவரின் கால் புண்ணுக்கு எடுத்த கல்ச்சர் (என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் அச்சாகி வந்தால் குழப்பம் வரத்தான் செய்யும். நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ரிப்போர்ட் வாங்க வந்த ஓர் அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: “ஏம்ப்பா, கத்தரிச் செடிக்கு ஊத்துறோமே, அந்த சூடோமோனாஸா இது? செடியில கை வெச்சுட்டு அப்படியே காலைத் தொட்டாரு, அதுலதான் வந்துடுச்சா?”

“இல்லம்மா, அது வேற, இது வேற” என்றேன். கவுன்ட்டரில் நின்றுகொண்டு அவ்வளவுதான் சொல்ல முடியும். மீதியை இங்கே எழுதுகிறேன்.

சூடோமோனாஸ் என்பது ஒரு பேரினத்தின் பெயர். அதற்குள் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. செடிக்குப் போடுவது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதன் ‘பி.எஃப்.1’ என்ற வகையை விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்ற அளவு டெல்டா பக்கத்து விவசாயிகளுக்கு மனப்பாடம். தோல் புண்ணுக்கு டாக்டர்கள் எழுதித்தரும் மியூப்பிரோசின் களிம்பு இருக்கிறதே, அந்த மருந்தும் இந்த ஃபுளோரசன்ஸிலிருந்து கிடைத்ததுதான். இன்னொரு பங்காளி சூடோமோனாஸ் புட்டிடா. அதை மாற்றியமைத்து, கச்சா எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. அதற்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கிடைக்கலாமா என்ற கேள்வியில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டுவது அந்த வழக்கைத்தான்.

ஆக நல்ல குடும்பம்தான். அந்தக் குடும்பத்தில் மனிதர்களுக்கு அதிகம் தொல்லை தருவது சூடோமோனாஸ் எரூஜினோசா. இனிமேல் சூடோமோனாஸ் என்று சுருக்கமாகச் சொன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் வெப்பத்தில் இருக்கிறது. ஃபுளோரசன்ஸுக்கு மண்ணின் குளிர்ச்சி பிடிக்கும். அதன் பெரும்பாலான வகைகள் நம் உடம்பின் 37 டிகிரியில் தடுமாறும். எரூஜினோசா 37 டிகிரியில் செழிப்பாக வளரும், 42 டிகிரியிலும் வளரும். ஆய்வகத்தில் இரண்டையும் பிரித்தறிய இந்த 42 டிகிரிச் சோதனையே பல காலமாகக் கைகொடுத்தது. கத்தரிச் செடியை அந்த அம்மா குற்றம் சொல்ல வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

தண்ணீரில் குடியிருக்கும் கிருமி

உருவத்தில் ஒரு சிறிய குச்சி. நீளம் ஒன்றரை முதல் மூன்று மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நானூறு, ஐந்நூறு கிருமிகளை வரிசையாகப் படுக்க வைக்கலாம். ஒரு முனையில் வால் இருக்கிறது, அதைச் சுழற்றி நீந்தும். சாப்பாட்டு விஷயத்தில் அடம்பிடிக்காது. சோப்புக் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, ரப்பர் குழாயில் ஒட்டியிருக்கும் அழுக்கு என்று கிடைத்ததைத் தின்று வாழும். 1971இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மருத்துவமனையிலிருந்து எடுத்த காய்ச்சி வடித்த நீரிலேயே இது பெருகுவதைக் காட்டினார்கள். ஒன்றுமே இல்லை என்று நாம் நினைக்கும் தண்ணீரில்கூட அதற்கு வேண்டியது இருக்கிறது.

இந்தத் தாக்குப்பிடிக்கும் திறனுக்குக் காரணம் அதன் மரபணுத் தொகுப்பு. 2000ஆம் ஆண்டில் இதன் மரபணு வரிசை முழுவதும் படிக்கப்பட்டது. சுமார் 63 லட்சம் எழுத்துகள், ஏறக்குறைய 5,500 மரபணுக்கள். எல்லோருக்கும் தெரிந்த ஈ. கோலையின் ஆய்வக வகைக்கு 46 லட்சம் எழுத்துகள்தான். கூடுதலாக இருக்கும் மரபணுக்களில் பெரும்பகுதி சூழ்நிலையை உணர்ந்து அதற்கேற்ப மாறுவதற்கானவை. சூடு, குளிர், உப்பு, பட்டினி, மருந்து என்று எது வந்தாலும் அதற்கென்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது.

எனவே ஈரம் இருக்கும் இடமெல்லாம் இது இருக்கலாம். கிச்சன் சிங்க்கின் வாய், ஷவர் தலை, மாப் ஊறும் பக்கெட், பூச்சாடித் தண்ணீர், சம்ப், மொட்டைமாடி டேங்க் எதையும் விலக்க முடியாது. சென்னையில் பல வீடுகளில் குடிநீர் கேனில்தான் வருகிறது. அடைத்து விற்கும் குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 14543இன்படி, 250 மில்லி மாதிரியில் சூடோமோனாஸ் எரூஜினோசா இருக்கவே கூடாது. குடித்தால் உடனே ஆபத்து என்பதால் வைத்த விதி அல்ல இது. ஆரோக்கியமானவர் வயிற்றுக்குள் இது கொஞ்சம் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கேனோ குழாயோ சரியாகக் கழுவப்படாமல் உள்ளே படலம் கட்டிவிட்டால் முதலில் வந்து உட்கார்பவர்களில் இந்தக் கிருமியும் ஒன்று. ஆகவே இது தென்பட்டால் ஆலையின் சுத்தத்தில் கோளாறு என்று அர்த்தம்.

அப்படியானால் தினமும் இதோடு பழகும் நமக்கு ஏன் நோய் வருவதில்லை? தோல் கிழியாமல் இருக்கிறது. கண்ணீர் கண்ணைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. மூச்சுக்குழாயின் சளியை மேல்நோக்கித் தள்ளிவிட நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. இதையெல்லாம் தாண்டி உள்ளே வந்தாலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் விழுங்கிவிடுகின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று பழுதானால்தான் சூடோமோனாஸுக்கு வாய்ப்பு. இப்படி நம் பலவீனத்தை நம்பிப் பிழைப்பவற்றையே மருத்துவத்தில் சந்தர்ப்பவாதக் கிருமிகள் என்கிறார்கள். காலராக் கிருமியும் டைஃபாய்டு கிருமியும் திடமாக இருப்பவரையும் படுக்கவைக்கும். இது அந்த ரகம் இல்லை. ஒருவருக்கு சூடோமோனாஸ் தொற்று வந்தால், “கிருமி எங்கிருந்து வந்தது?” என்று தேடுவதைவிட, “எந்தக் கதவு திறந்திருந்தது?” என்று தேடுவதில்தான் பயன் அதிகம்.

திறந்திருக்கும் கதவுகள்

தீக்காயம் எல்லாவற்றிலும் பெரிய கதவு. தோல் என்ற சுவரே போய்விடுகிறது. கீழே இருக்கும் ஈரமான, ரத்த ஓட்டம் குறைந்த சதை இதற்கு விருந்து. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைத் தெரியாதவர் சென்னையில் குறைவு. அதுபோன்ற வார்டுகளில் டிரெஸ்ஸிங்கைப் பிரிக்கும்போது பச்சை நிறம் தெரிகிறதா என்று நர்ஸ்கள் பார்ப்பது பழக்கமாகிவிட்ட ஒன்று. கட்டுத்துணி நீலமாக, பச்சையாக மாறுவதை 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். 1882இல் கார்ல் கெஸ்ஸார் என்ற பிரெஞ்சுக்காரர், அந்த நிறத்துக்குப் பின்னால் ஒரு நுண்ணுயிரி இருக்கிறது என்று காட்டி, அதைத் தனியாகப் பிரித்தும் எடுத்தார்.

அந்த நீலச் சாயத்தின் பெயர் பயோசயனின். அழகுக்காகச் செய்த ஏற்பாடு இல்லை. நம் செல்களைத் தாக்கும் பொருள் அது. பயோவெர்டின் என்று மஞ்சள்-பச்சையில் இன்னொன்று இருக்கிறது. அது நம் உடம்பிலிருந்து இரும்புச்சத்தைப் பிடுங்கிக் கிருமிக்குக் கொடுக்கும். புற ஊதா விளக்கில் பார்த்தால் மினுங்கும். இவை போதாதென்று எக்ஸோடாக்ஸின் ஏ என்ற நச்சும் உண்டு. தொண்டை அடைப்பான் கிருமியின் நச்சு செய்யும் அதே வேலையை, அதாவது செல்லுக்குள் புரதம் உற்பத்தியாவதை நிறுத்துவதை, இதுவும் செய்கிறது.

சர்க்கரை நோயாளியின் கால் அடுத்த கதவு. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைத்த நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொன்னது. வயது வந்தவர்களில் 11.4 சதவீதம். நரம்பு மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்து, ராத்திரி பார்த்தால் பாதத்தில் கொப்புளம். அதை உடைத்துவிட்டுத் துணியால் கட்டி, ஈரத்தோடு செருப்புப் போட்டு நடந்தால் போதும். குளிர்நாடுகளில் இப்படிப்பட்ட புண்களில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற வேறொரு கிருமிதான் முதலிடத்தில் இருக்கும். நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் சூடோமோனாஸ் அடிக்கடி தென்படுகிறது. ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி ஏறும் காயத்திலும் இதைத் தனியாகச் சந்தேகப்பட வேண்டும். அது எலும்பு வரை போகும்.

காதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். காதுக் குரும்பியை அழுக்கு என்று நினைக்கிறோம். அது லேசான அமிலத்தன்மை கொண்ட பாதுகாப்புப் பூச்சு. நீச்சல் குளத்தில் தினமும் ஊறினால் அந்தப் பூச்சு கரைந்து, தோல் ஊறிப்போகும். அதற்கு மேல் பட்ஸோ, ஹேர்பின்னோ, சாவியோ விட்டுக் குடைந்தால் கீறல் விழும். குளோரின் சரியான அளவில் இல்லாத குளத்துத் தண்ணீரும் சேர்ந்துகொண்டால் ‘நீச்சல்காரர் காது’ என்று சொல்லப்படும் தொற்று வந்துவிடும். காது மடலைத் தொட்டாலே வலிக்கும். இளைஞர்களுக்கு இது சொட்டு மருந்தில் சரியாகிவிடும்.

ஆனால் அறுபதைத் தாண்டிய, சர்க்கரை கட்டுக்குள் இல்லாத ஒருவருக்கு இதே வலி வந்தால் கதையே வேறு. கிருமி காதுக்குழாயின் தோலோடு நிற்காமல் கீழே இருக்கும் எலும்புக்குள் இறங்கி, மண்டையோட்டின் அடிப்பகுதியை நோக்கிப் போகும். 1968இல் சாண்ட்லர் என்ற மருத்துவர் இதை விரிவாக எழுதி, புற்றுநோய்க்குச் சொல்லும் ‘மாலிக்னன்ட்’ என்ற அடைமொழியையே இதற்கும் வைத்தார். புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவ்வளவு மூர்க்கமாகப் பரவுகிறது என்பதற்காக அந்தப் பெயர். இதை உண்டாக்குவதில் பெரும்பங்கு சூடோமோனாஸுக்குத்தான். ராத்திரி தூங்கவிடாத காதுவலி, காதில் சீழ், மெல்லும்போது தாடையில் வலி, சில சமயம் முகத்தின் ஒரு பக்கம் கோணிப்போவது. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் காதைச் சுத்தம் செய்த பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கு இது வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. வாரக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். “வயசானா காது இரையத்தான் செய்யும், ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் விட்டா சரியாப் போயிடும்” என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

கண்ணில் கதை இன்னும் வேகம். கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது, அதனால் வெள்ளணுக்கள் வந்துசேரவே நேரமாகும். கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதும், மாட்டிக்கொண்டே தூங்குவதும் கிருமிக்கு இடம் கொடுக்கும் பழக்கங்கள். லென்ஸ் போடுபவர்களின் கருவிழிப் புண்ணில் முதலில் சந்தேகப்பட வேண்டிய பாக்டீரியா சூடோமோனாஸ்தான். இதன் நொதிகள் கருவிழியின் புரதத்தைக் கரைத்துவிடும். காலையில் உறுத்தல், மறுநாள் வெள்ளைப் புள்ளி, அதற்கடுத்து பார்வை மங்கல் என்று ஓரிரு நாளில் எல்லாம் முடிந்துவிடலாம். லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்து வலித்தால், லென்ஸைக் கழற்றி அதன் டப்பாவோடு அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். டப்பாவிலிருந்தும் கல்ச்சர் எடுப்பார்கள்.

கண்ணைப் பற்றிப் பேசும்போது 2023இன் சொட்டு மருந்து விவகாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னைக்கு அருகே தயாரிக்கப்பட்டு அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புபடுத்தி, அங்கே 18 மாநிலங்களில் 81 பேருக்கு ஒரே வகைச் சூடோமோனாஸ் கண்டுபிடிக்கப்பட்டது. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தார்கள். அந்தக் கிருமி வகை அதுவரை அமெரிக்காவில் பதிவானதில்லை; ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் அடங்காதது. திறந்து பயன்படுத்திய புட்டிகளில் கிருமி இருந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. இங்கே தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. பழி யார்மீது என்ற விவாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: கெடாமல் காக்கும் வேதிப்பொருள் சேர்க்காத மருந்து அது, அதுவும் பலமுறை திறந்து மூடும் புட்டியில். அப்படிப்பட்ட மருந்தை ஒருமுறை பயன்பாட்டுக் குப்பியில் வாங்குவதுதான் பாதுகாப்பு.

மற்ற கதவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் குழாய், சிறுநீர் டியூப், ரத்தநாளத்தில் போட்ட லைன் என்று உடம்புக்குள் போகும் ஒவ்வொரு குழாயும் ஒரு பாதை. பழைய காசநோயில் சுருங்கி விரிந்துபோன நுரையீரலில் சளி தேங்கும், அங்கே இது வருஷக்கணக்கில் குடியிருக்கும். கீமோதெரபி எடுப்பவர்களுக்கு வெள்ளணுக்கள் விழுந்துவிடும். அந்த நேரத்தில் சூடோமோனாஸ் ரத்தத்தில் புகுந்தால் கல்ச்சர் முடிவு வருவதற்குள் உயிரே போய்விடலாம். அதனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல், காய்ச்சல் வந்தவுடனே சூடோமோனாஸையும் அடக்கும் மருந்தைத் தொடங்க வேண்டும் என்ற வழிமுறை 1971இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பிறகு நிலைபெற்றது. கீமோ எடுப்பவருக்கு 101 டிகிரி காய்ச்சல் வந்தால் நடுராத்திரியானாலும் கிளம்பி வரச் சொல்வது இதனால்தான். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருப்பது ஆபத்து.

ஆய்வக மேசையில்

சீழோ சளியோ வந்ததும் அதைத் தட்டில் தேய்த்து, 37 டிகிரிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவோம். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தவுடனே சில தட்டுகளிலிருந்து பன்னீர் திராட்சை வாசனை வரும். தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது ஆய்வக விதி. அதற்காக இந்த வாசனை வராமலா இருக்கும்? காலனிகள் ஓரம் ஒழுங்கில்லாமல் தட்டையாகப் பரவியிருக்கும், மேலே உலோகப் பளபளப்பு. நிறமில்லாத ஊடகத்தில் காலனியைத் தாண்டிச் சுற்றிலும் பச்சை கசிந்திருக்கும். ஒரு காலனியைக் குச்சியில் தொட்டு ஆக்ஸிடேஸ் தாளில் தேய்த்தால் பத்து விநாடிக்குள் கருநீலமாகும். இவ்வளவும் பொருந்தினால் பெயரை ஏறக்குறைய சொல்லிவிடலாம். சில வகைகள் நிறமே காட்டாது, அவைதான் எங்களை அலைக்கழிக்கும்.

பிறகு எந்த மருந்துக்கு அடங்கும் என்ற சோதனை. ரிப்போர்ட்டில் எஸ் என்றால் அடங்கும், ஆர் என்றால் அடங்காது. படித்துப் பார்க்கும் குடும்பத்தார் முதலில் எஸ்களை எண்ணுவார்கள். எண்ணிக்கை முக்கியமில்லை. அந்த மருந்து தொற்று இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா, நோயாளியின் சிறுநீரகம் தாங்குமா என்பதெல்லாம் அந்த ஒற்றை எழுத்தில் இல்லை.

ரிப்போர்ட்டில் இல்லாத இன்னொரு விஷயம் அதைவிடப் பெரியது. கிருமி வளர்ந்தது என்பதும் நோய் இருக்கிறது என்பதும் வேறு வேறு. பல வாரமாகச் சிறுநீர் டியூப் போட்டிருப்பவரின் சிறுநீரில் ஏதாவது ஒரு கிருமி வளரத்தான் செய்யும். அவருக்குக் காய்ச்சலோ, வலியோ, தடுமாற்றமோ இல்லையென்றால் அது வெறும் குடியிருப்பு. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் அந்தக் கிருமி போய், அதைவிட முரட்டுக் கிருமி வந்து உட்காரும். புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பும் மாதிரியிலும் இதே சிக்கல்தான்: மேலே ஒட்டியிருப்பது எல்லாம் வளரும். புண்ணைச் சுத்தம் செய்து, ஆழத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினால் உண்மையான ஆள் சிக்குவார். “சூடோமோனாஸ் வந்திருக்கு, ஊசி போடலையா டாக்டர்?” என்று நோயாளி தரப்பு கேட்டுக் கேட்டே தேவையில்லாத மருந்து போகும் இடங்கள் உண்டு. ஊசி வேண்டாம் என்று சொல்லும் டாக்டரைக் கொஞ்சம் நம்பலாம்.

மருந்துகள் ஏன் தோற்கின்றன

நாம் மருந்துக்கடையில் கேள்விப்படும் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட், அஸித்ரோமைசின், டாக்ஸிசைக்கிளின் எதுவும் இதை அடக்காது. மருத்துவமனைகளில் அதிகம் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்காது. இது பிறவிக் குணம். வெளிச்சுவர் வழியாக மருந்து நுழைவதே கடினம். நுழைந்த மருந்தையும், ஓட்டைப் படகில் புகும் தண்ணீரை இறைப்பதுபோல, சுவரில் இருக்கும் பம்புகள் வெளியே தள்ளிவிடும். மிச்சம் இருப்பதை உடைக்க நொதி வைத்திருக்கிறது. பைப்பராசிலின்-டாஸோபாக்டம், செஃப்டாஸிடிம், செஃபெபைம், மெரோபெனம், அமிக்காசின் என்று தேறுகிற மருந்துகள் சிலதான். அவற்றில் பெரும்பாலானவை ஊசி. வாயால் சாப்பிட சிப்ரோஃபிளாக்ஸாசின், லீவோஃபிளாக்ஸாசின் என்ற ஒரே வகைதான் உண்டு. சளிக்கும் பேதிக்கும் சிப்ரோ வாங்கிப் போட்டுக்கொள்வதில் எனக்கு இருக்கும் கோபமெல்லாம் இதனால்தான். ஒருநாள் காலைக் காப்பாற்ற வேண்டிய மாத்திரையைச் சில்லறைக்குச் செலவு செய்கிறோம்.

இதோடு சேர்ந்தது படலம். டேங்க்கைக் கழுவ இறங்கினால் உள்சுவரில் வழுவழுவென்று கைக்குத் தட்டுப்படுமே, அது கிருமிகள் கட்டிய படலம். கிருமிகள் தனித்தனியாக மிதக்காமல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து அதற்குள் வாழ்கின்றன. எத்தனை பேர் கூடியிருக்கிறோம் என்பதைச் சின்னச் சின்ன வேதிப்பொருள்களை வெளியிட்டுத் தெரிந்துகொள்ளும். ஆள் சேர்ந்த பிறகே நச்சு தயாரிப்பு போன்ற பல வேலைகளில் இறங்கும். சிறுநீர் டியூபிலும், கால் புண்ணின் செத்த சதையிலும் இதுவே நடக்கிறது. படலத்துக்குள் மருந்து முழுதாக வேலை செய்யாது. அதனால் டியூபை மாற்றுவதும், செத்த சதையைக் கத்தியால் நீக்குவதும் சிகிச்சையில் பாதி. அறுவைக்குப் பயந்துகொண்டு மாத்திரையிலேயே ஆற்றிவிடலாம் என்று நாள் கடத்துபவர்கள்தான் விரலை இழக்கிறார்கள்.

பிறவிக் குணத்துக்கு மேல், வாங்கிய குணமும் உண்டு. 2010இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை நினைவிருக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். மெரோபெனம் வகை மருந்துகளையே உடைக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதி, சென்னையில் சேகரித்த கிருமிகளில் 44இல் இருந்ததாக அது சொன்னது. அவை பெரும்பாலும் கிளெப்ஸியெல்லாவும் ஈ. கோலையும். பின்னாளில் அதே நொதி சூடோமோனாஸிலும் தென்பட்டது. நொதியின் பெயரில் ‘நியூ டெல்லி’ என்று ஊர்ப்பெயர் இருப்பதற்கே நாடெங்கும் சண்டை நடந்தது. கிருமியைப் பற்றிய பேச்சு அதில் கொஞ்சம் அமுங்கிப்போனது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு ஒரு செயல்திட்டம் வகுத்தன. ‘சென்னைப் பிரகடனம்’ என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச்சில் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. மெரோபெனம் போன்ற மருந்துகளை விற்கும்போது டாக்டர், நோயாளி பெயர்களைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். எழுதுகிறார்களா என்பதை உங்கள் தெருமுனைக் கடையில் நீங்களே பார்க்கலாம்.

எல்லாம் கைவிட்ட நிலையில் போடும் மருந்து கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்திருந்த பழைய மருந்து, வேறு வழியில்லாமல் திரும்பி வந்தது. இறைச்சிக் கோழி, மீன் தீவனங்களில் அதைச் சேர்ப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலில், மெரோபெனம் வகைக்கு அடங்காத சூடோமோனாஸ் மிக அவசரம் என்ற முதல் வரிசையில் இருந்தது. 2024 பட்டியலில் ஒரு படி கீழே இறக்கியிருக்கிறார்கள்.

சிங்க்கும் சொட்டும்

மருத்துவமனையில் இது பரவும் விதத்துக்கு டொரண்டோவில் நடந்தது நல்ல உதாரணம். அங்கே ஒரு மருத்துவமனையில் 2004 முதல் 2006 வரை, பல மருந்துகளுக்கு அடங்காத ஒரே வகைச் சூடோமோனாஸ் 36 நோயாளிகளிடம் கண்டெடுக்கப்பட்டது. கை கழுவும் சிங்க்கின் வடிகாலில் ஒளிரும் சாயத்தை ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் நேராக வடிகாலில் விழுந்து, சாயம் ஒரு மீட்டர் தூரம் வரை தெறித்திருந்தது. மருந்து கலக்கும் மேசை அந்த எல்லைக்குள் இருந்தது. சுத்தத்துக்காக வைத்த சிங்க்கே கிருமியைத் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறது. சிங்க்கை மாற்றியமைத்த பிறகுதான் அடங்கியது.

கிருமிநாசினி என்று பெயர் இருந்தாலே நம்பிவிடவும் கூடாது. அளவுக்கு மேல் தண்ணீர் கலந்து, வாரக்கணக்கில் அதே புட்டியில் மேலே மேலே ஊற்றி வைத்த கிருமிநாசினியில் சூடோமோனாஸ் வளர்ந்த கதைகள் மருத்துவ இதழ்களில் ஏராளம். வேடிக்கை என்னவென்றால், இதற்கு வினிகர் பிடிக்காது. ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியைப் பச்சைச் சீழ் புண்ணுக்கு வைக்கும் முறை முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே உண்டு. அறுவை வார்டுகளில் இன்றும் சிலர் செய்கிறார்கள். அதற்காகச் சமையலறை வினிகரை எடுத்து அப்பாவின் புண்ணில் ஊற்றிவிடாதீர்கள். செறிவு அதிகமானால் நல்ல சதையும் வெந்துபோகும், செவிப்பறையில் ஓட்டை இருக்கும் காதில் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது ஈரம். கொரோனாவுக்குப் பிறகு நிறைய வீடுகளில் நெபுலைசரும் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரும் இருக்கின்றன. கான்சன்ட்ரேட்டரில் குமிழி விடும் புட்டியின் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், குறைந்ததற்கு மேலேயே ஊற்றக் கூடாது. நெபுலைசர் கப்பைக் கழுவி, துடைத்து, காற்றில் நன்றாக உலரவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் குளித்ததும் கால் விரல் இடுக்கைத் துடைக்க வேண்டும், ராத்திரி படுக்கும் முன் பாதத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் அடுத்ததாகக் கேட்பது, “வீட்ல சின்னக் குழந்தை இருக்கு, அதுக்கு ஒட்டிக்குமா?” என்பதுதான். குழந்தை ஆரோக்கியமாக இருந்தால் தாத்தாவைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. ஒரே அறையில் இருக்கலாம், தட்டைத் தனியாக வைக்க வேண்டாம். டிரெஸ்ஸிங் மாற்றுபவர் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவி, பழைய துணியைக் கவரில் கட்டிப் போட்டால் போதும். வீட்டிலேயே கீமோ எடுப்பவரோ, உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவரோ, ஆறாத புண் உள்ள இன்னொருவரோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலையை அவர்களிடம் விட வேண்டாம்.